பெயர் வெளியிட விரும்பாதவரின் வாழ்க்கை வரலாறு

மயிலானந்தன் இருபத்தாறு வருஷம் பத்திரிகை நிருபராக இருந்து, அதற்குப் பிறகு ஏழு வருஷமாக ஊர்ப் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஆடிக் காற்று கூரைத் தகரங்களைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி டவுன் பஸ்ஸில், அவர் ஒரு தடவைகூடப் பார்த்திராத, ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு தடவை எழுதியிருந்த ஒரு மனிதர் தும்பைப்பாளையத்தில் வந்து இறங்கினார்.

இறங்கியவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. பால் சொசைட்டி வீதியில் நேராக நடந்து, ஏழாவது வீட்டின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். விவசாயி கட்டுகிற மாதிரி வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார். மஞ்சள் மண்டி வியாபாரி போலச் சட்டைப்பையில் இரண்டு பேனா செருகியிருந்தார். ஊருக்காக மனு எழுதிக்கொண்டு அலைகிறவர்கள் மாட்டும் ஜோல்னாப்பை ஒரு தோளிலும், வெளியூர்ப் பயணியின் தண்ணீர் பாட்டில் இன்னொரு தோளிலும் தொங்கின. வயது ஐம்பது என்றால் ஐம்பது, முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்து. கதவைத் திறந்த சுலோச்சனாவைக் கும்பிட்டு, இப்பகுதியில் கடந்த சில நாட்களாகப் பலத்த காற்று வீசி வருவதாகவும், இதனால் பொதுமக்கள் கடும் அவதிக்குள்ளாகி வருவதாகவும் தெரிவித்தார்.

மயிலானந்தனின் மனைவி சுலோச்சனா, பால் கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷமாக எழுத்தர். எந்தப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மனிதர்களும் அவருக்கு அப்படித்தான். வந்தவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

“ஏனுங்க, உங்களைப் பார்க்க ஒருத்தரு வந்திருக்கறாருங்க. நீங்க எழுதற மாதிரியே பேசறாரு.”

மயிலானந்தனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? ‘நித்தியவாணி’ நாளிதழில் அவர் சேர்ந்த முதல் வருஷம், ஒரு கிராமத்துப் பாலம் உடைந்ததைப் பார்க்கப் போயிருந்தார். பாலத்தைப் பார்த்தார், உடைந்த இடத்தில் சிமென்டே இல்லாமல் மணல் உதிர்ந்ததைப் பார்த்தார், ஆனால் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் வாயே திறக்கவில்லை, மீதிப்பேர் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தொலைபேசியில் ஆசிரியர், பாலம் கிடக்கட்டும், மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அப்போதுதான் மயிலானந்தன் தன் கண்ணால் கண்டதை இரண்டு வாக்கியமாக்கி, ‘என்று பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் கூறினார்’ என்று முடித்து அனுப்பினார். ஆசிரியருக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து வறட்சி என்றால் அந்த ஒருவர் விவசாயி ஆனார், மஞ்சள் விலை விழுந்தால் வியாபாரி ஆனார், பஸ் வரவில்லை என்றால் பயணி ஆனார், எதுவும் இல்லாத நாளில் சமூக ஆர்வலர் ஆனார். மயிலானந்தன் எங்கே போனாலும் அவரும் கூடவே போய், நிருபர் பார்த்ததையே பார்த்து, இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு நித்தியவாணி மாவட்டப் பதிப்பை நிறுத்தியது. வேலை போன மூன்றாவது மாதம், ஒரு போர்வெல் லாரி உரிமையாளரின் மகன் வந்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டு, தாம்பூலப் பையில் தேங்காயோடு வைத்துக் கொடுக்க வேண்டும் என்றான். மயிலானந்தன் எழுதிக் கொடுத்தார். தேங்காயைச் சட்னி அரைத்த பிறகும் புத்தகத்தை யாரும் தூக்கிப் போடவில்லை என்பது ஊருக்கே ஆச்சரியமாக இருந்தது. அதிலிருந்து ரைஸ்மில்காரர்கள், பள்ளித் தாளாளர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் என்று முப்பத்தொரு பேருடைய வாழ்க்கையை எழுதிவிட்டார். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்’ என்றும், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘உண்மை மாறாது’ என்றும் அச்சிட்டிருந்தது. இப்போது நூற்பாலை அதிபர் சென்னியப்பனின் எழுபதாம் பிறந்தநாளுக்கான புத்தகம் பாதியில் இருந்தது.

வந்தவர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, தன்னுடைய வாழ்க்கை வரலாறும் எழுதப்பட வேண்டும் என்று கோரிக்கை விடுத்தார். மயிலானந்தன் மெதுவாக, உங்களைப் பற்றி உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டார்.

“நானூற்றுப் பதினொரு இடங்களில் நின்றது நினைவில் உள்ளது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்து சென்றது நினைவில் இல்லை. கருத்துத் தெரிவித்தது நினைவில் உள்ளது. காலையில் சாப்பிட்டது நினைவில் இல்லை” என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேலும், எனது பெயரை வெளியிட விரும்பாதது யார் என்பது குறித்து உரிய விசாரணை நடத்தப்பட வேண்டும். எனக்கு அப்படி விரும்பாமல் இருந்த ஞாபகம் இல்லை” என்றார்.

மயிலானந்தன், எழுதிவிடலாம், மாடியறை காலியாகத்தான் இருக்கிறது, தங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

தும்பைப்பாளையம் அவரை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முழுப்பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் ‘விரும்பாதவர்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். நகராட்சி அலுவலகத்தில் குடியிருப்புச் சான்று கேட்டு அவர் போனபோது, பெயர் என்கிற கட்டத்தில் குமாஸ்தா ‘வெளியிட விரும்பவில்லை’ என்று எழுதி, தகப்பனார் பெயர் என்கிற கட்டத்தில் ‘மேற்படி’ என்று போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அரசு மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாக்கிய தூரம் ஓடி ஒரு முற்றுப்புள்ளி வைத்து மறுபடி ஓடுகிறது, மற்றபடி ஆரோக்கியம்தான் என்றார். கல்யாணத் தரகர் மூன்று ஜாதகங்களோடு வந்து, நட்சத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை, எந்தப் பக்கத்தில் வந்தார் என்று தெரிந்தால் போதும், முதல் பக்கமா மூன்றாம் பக்கமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கல்யாண வீடுகளில் அவருக்கு முதல் வரிசை நாற்காலி போட்டார்கள். ஏனென்றால் சாப்பிட்டு எழுந்து வந்து, ஏற்பாடுகள் சிறப்பாகச் செய்யப்பட்டிருந்தன என்று அவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் மாப்பிள்ளை வீட்டார் ரசத்தில் உப்பு இல்லை என்று பேச முடியாது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டுவிழா அழைப்பிதழில் ‘சிறப்பு விருந்தினர்: பெயர் வெளியிட விரும்பாதவர்’ என்று தங்க எழுத்தில் போட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அவர் தங்கள் ஆள்தான் என்றார்கள். அவர் இரு தரப்பினரும் பேச்சுவார்த்தை மூலம் தீர்வு காண வேண்டும் என்று வலியுறுத்தினார்.

ஆனால் ஊர் அவருடைய உண்மையான பயனைக் கண்டுபிடித்தது சாக்கடையில்தான். காமாட்சி வீதியில் நான்கு வருஷமாகக் கழிவுநீர் வாசலில் நின்றது. யார் புகார் சொன்னாலும் அவர்கள் வீட்டுக் குடிநீர்க் குழாயில் அடுத்த நாள் காற்றுதான் வரும். ஒரு பெண்மணி விரும்பாதவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவர் நகராட்சி வாசலில் நின்று அதை இரண்டு வாக்கியத்தில் சொன்னார். யார் சொன்னது என்று உள்ளே கேட்டார்கள். பெயர் வெளியிட விரும்பாதவர் சொன்னார் என்று வெளியே சொன்னார்கள். யாருடைய குழாயை அடைப்பது என்று தெரியாமல், சாக்கடையையே சரிசெய்துவிட்டார்கள். அதன்பின் பால் சொசைட்டி வீதியில் தினமும் காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்தது. சொல்லப் பயந்ததையெல்லாம் ஜனங்கள் அவர் காதில் சொன்னார்கள், அவர் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், ரேஷன் கடையில் எடைக்கல் மாறியது, பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஓடு வந்தது, மாலை பஸ் மாலையிலேயே வந்தது.

மத்தியான வேளைகளில் மயிலானந்தன் அவரை எதிரே உட்காரவைத்து வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கினார். சுலோச்சனா பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினார். இருபத்தாறு வருஷத்துச் செய்தி நறுக்குகளை வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி அவர்தான் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க வாசிக்க, விரும்பாதவருக்கு முகம் மலர்ந்துகொண்டே வந்தது. இந்த வறட்சியில் நின்றேன், கிணற்றடியில் ஒரு நாய் படுத்திருந்தது என்பார். இந்தத் தீ விபத்தில் நின்றேன், சேலைகள் எரிகிற வாசனை மூன்று நாள் போகவில்லை என்பார். நறுக்கில் இல்லாத நாயையும் வாசனையையும் மயிலானந்தனும் அங்கே கண்டிருந்தார், முகர்ந்திருந்தார். தான் மறந்துபோன தன் வாழ்க்கையையே இன்னொருவர் வாயால் கேட்டு எழுதுவது போலிருந்தது; முப்பத்தொரு புத்தகத்தில் கிடைக்காத சந்தோஷம் இதில் கிடைத்தது.

பதினேழாம் நாள் ஒரு சின்ன நறுக்கு வந்தது. பஸ் நிலையத்தில் அறிவிப்பைக் கேட்டு ஏறிய கல்யாண கோஷ்டி ஒன்று, மலைக்கோயிலுக்குப் போவதற்குப் பதிலாக அணைக்கட்டில் போய் இறங்கி, முகூர்த்தம் தவறிய செய்தி. ‘“அறிவிப்பாளர் துளசிமணி தவறாக அறிவித்ததே இதற்குக் காரணம். அவர் எப்போதும் கவனக்குறைவாகவே இருப்பார்” என்று பெயர் வெளியிட விரும்பாத பயணி ஒருவர் கூறினார்’ என்று முடிந்திருந்தது.

விரும்பாதவர் அதை வாங்கித் தானே வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு, தான் இந்த இடத்தில் நிற்கவில்லை என்றார். வாக்கியம் தன்னுடையதுதான், தன் வாயில்தான் இருக்கிறது, எத்தனையோ வருஷமாகக் கல்லை அடக்கிவைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த வாக்கியத்தைச் சுற்றி இடமே இல்லை, பஸ் இல்லை, ஜனங்கள் இல்லை, எதுவும் இல்லை என்றார். சுலோச்சனா பெட்டியிலிருந்த நறுக்குகளை எண்ணிப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

“பார்க்காத ஒன்றை நான் கூறியிருப்பதாகத் தெரிய வருகிறது. சம்பந்தப்பட்ட பெண்ணை நேரில் சந்தித்து வருத்தம் தெரிவிக்க வேண்டும்” என்றார் விரும்பாதவர்.

மயிலானந்தன் பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்றைக்குப் போதும் என்று எழுந்தார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் வேறு வேலை இருப்பதாகச் சொன்னார். என்ன நடந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாளில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே படுத்தவர் தூங்கிப்போனார். எழுந்தபோது மணி நான்கரை; ஐந்துக்குச் செய்தி போக வேண்டும். டீக்கடையில் நின்று கேட்ட அரைகுறைப் பேச்சை வைத்து எழுதி அனுப்பினார். ஒரு வாரம் கழித்து, கண்டக்டர்தான் வழித்தடப் பலகையை மாற்றி மாட்டிவிட்டான், அந்த அம்மிணி சரியாகத்தான் சொன்னாங்க என்று டிரைவர் ஒருவர் அவரிடம் சொன்னார். அதற்குள் பஸ் உரிமையாளர் சங்கம் துளசிமணியை வேலையை விட்டு அனுப்பியிருந்தது. சின்ன விஷயம், யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவர் திருத்தம் போடவில்லை. யாருக்கும் ஞாபகம் இல்லாமல்தான் போயிற்று, அவரைத் தவிர.

நான்காம் நாள் சுலோச்சனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, நான் போய் நடந்ததைச் சொன்னால் அவர் என்ன ஆவார் என்று கேட்டார். இப்படி ஒரு ஆளே கிடையாது, நானாக எழுதியது என்று என் வாயால் சொன்ன பிறகு அவர் நம் மாடியில் இருப்பாரா என்றார்.

சுலோச்சனா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அவரு போயிருவாருன்னு பயப்படறீங்களா, உங்க பேரு போயிரும்னு பயப்படறீங்களா? எதுன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன நான் பதில் சொல்றேன்.”

மயிலானந்தன் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். படியில் நின்றபடியே விரும்பாதவரிடம் அவர் பிறந்த கதையைச் சொன்னார்: உடைந்த பாலம், தொலைபேசி, ஆசிரியர், இரண்டு வாக்கியம். விரும்பாதவர் அதைத் தலையசைத்துக் கேட்டார். அப்படியானால் என் பெயரை வெளியிட விரும்பாதது நீங்கள் என்று சொல்லலாமா என்று கேட்டார். சொல்லலாம் என்றார் மயிலானந்தன். அது நல்ல தகவல், முதல் அத்தியாயத்தில் சேர்க்க வேண்டும் என்றார் விரும்பாதவர். பிறகு இருவரும் டவுன் பஸ் ஏறினார்கள்.

துளசிமணி ஊருக்கு வெளியே இருந்த கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தார். உள்ளே போகிறவர்கள் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் பாதத்தை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இருவரும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நனைத்தார்கள். உள்ளே, ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு பெண் குரல், மணி அடித்தது போல, பல்லடம் வண்டி நாற்பது பெட்டி, உடுமலை வண்டி இருபத்தைந்து பெட்டி என்று அறிவித்துக்கொண்டிருந்தது. மயிலானந்தனுக்கு அந்தக் குரல் ஞாபகம் இருந்தது. பதினோரு வருஷம் அந்த ஊருக்குப் பஸ் எல்லாம் அந்தக் குரலில்தான் வந்தது, போனது. இப்போது பஸ் நிலையத்தில் பேசுவது எங்கோ பதிவு செய்த குரல். அதற்குப் பாதி ஊர்ப்பெயர் வாயில் நுழைவதில்லை.

வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்த துளசிமணி அவர்களைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார். மயிலானந்தன் தான் யார் என்று சொன்னார். நறுக்கை எடுத்து நீட்டினார். துளசிமணி அதை வாங்கவில்லை. மனப்பாடமாகத் தெரியும் என்றார்.

“அந்தப் பயணி யாருன்னு பத்தொம்பது வருசமாத் தேடிட்டு இருக்கறனுங்க. ஒரு கல்யாணத்துக்குப் போனா அங்கிருக்கற ஒவ்வொரு மூஞ்சியாப் பார்ப்பேன், இவனா இருக்குமோ அவனா இருக்குமோன்னு. என்ற தங்கச்சி வீட்டுக்காரரு மேல சந்தேகப்பட்டு எட்டு வருசமா அவங்க வீட்டு வாசப்படி மிதிக்கலீங்க. யாருன்னு சொல்லத்தான் வந்தீங்களா?”

“அப்படி ஒரு பயணி இல்லீங்க அம்மிணி” என்றார் மயிலானந்தன். “நான் அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுக்கே வரலை. சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன். நானா எழுதினது.”

“தூங்கிட்டீங்களா” என்றார் துளசிமணி.

கையில் எடுத்திருந்த குஞ்சைப் பெட்டியில் விட்டு, அறுபத்தெட்டு என்றார். அறுபத்தொன்பது, எழுபது என்று எண்ணிக்கொண்டே போனார். குஞ்சு எண்ணுகிறவர்கள் நூறு முடியாமல் நடுவில் நிறுத்தக் கூடாது. அந்த முப்பத்திரண்டு குஞ்சுகளை எண்ணி முடிக்கிற வரைக்கும் மயிலானந்தன் நின்ற நிற்பு, அவர் இருபத்தாறு வருஷத்தில் எந்த மந்திரி வாசலிலும் நிற்காத நிற்பு. எல்லாவற்றுக்கும் கருத்துச் சொன்ன விரும்பாதவர் கடைசியில் சொன்னார்:

“அன்னைக்கு நான் எதையும் பார்க்கலீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

அவர் வாயிலிருந்து பத்திரிகைத் தமிழில் இல்லாத வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. துளசிமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியை மூடி நாடாவால் கட்டினார்.

“என்ற பேரை எல்லாருக்கும் தெரியறாப்பல போட்டீங்க. சொன்னவன் பேரை மட்டும் போடலை. இப்பப் போடுங்க” என்றார் மயிலானந்தனிடம். “பேப்பர்ல வேண்டாம். என்னைய எங்க பேச வேண்டாம்னாங்களோ அங்க நின்னு, மைக்குல சொல்லுங்க. நான் வந்து கேட்கறேன்.”

திங்கட்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது. பஸ் உரிமையாளர் சங்கத்துச் செயலாளர், ஏதோ புத்தக விளம்பரம் என்று நினைத்து மைக்கைத் தருவதாக ஒத்துக்கொண்டார். ஆனால் ஊருக்கு விஷயம் வேறு விதமாகப் பரவியிருந்தது. மயிலானந்தன் உண்மையைச் சொல்லப்போகிறாராம், சொன்னதும் விரும்பாதவர் கரைந்துவிடுவாராம் என்று பேசிக்கொண்டார்கள். காமாட்சி வீதிப் பெண்கள் மூன்று பேர் மயிலானந்தன் வீட்டுக்கு வந்து, இனிமேல் நாங்களே எங்கள் பேரைச் சொல்லிப் புகார் கொடுத்துக்கொள்கிறோம், அவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். விரும்பாதவர் அவர்களுக்கு நன்றி தெரிவித்தார். தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், இரண்டு பேனாவையும் சுலோச்சனாவிடம் கொடுத்தார், வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு, நேரமாகிறது போகலாம் என்றார்.

பஸ் நிலையத்தில் நிற்க இடமில்லை. துளசிமணி வேலைக் கோட்டோடு வந்து, நேரக் காப்பாளர் அறையின் ஜன்னலோரம் நின்றார். மயிலானந்தன் மைக்கைக் கையில் பிடித்தார். எழுதிக்கொண்டு போயிருந்த காகிதத்தை விரித்தால் அதில் எல்லா வாக்கியமும் ‘கூறப்படுகிறது’ என்றும் ‘தெரிய வருகிறது’ என்றும் முடிந்தன. அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நான் மயிலானந்தன் பேசறேன். பத்தொம்பது வருசத்துக்கு முன்னாடி துளசிமணி அம்மிணி தப்பா அறிவிச்சாங்கன்னு எழுதினது நான். யாரும் எங்கிட்ட அப்படிச் சொல்லலை. நான் இங்க வரவே இல்லை, வீட்ல தூங்கிட்டு இருந்தேன். அவங்க சரியாத்தான் சொன்னாங்க, அது எனக்கு ஒரே வாரத்துல தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நான் எழுதலை. சொன்னது நான், தப்பு என்னுது, பேரு மயிலானந்தன்.”

எஞ்சின்களை அணைத்துவிட்டு டிரைவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்ததும் ஊர் முழுக்கத் திரும்பி விரும்பாதவரைப் பார்த்தது. அவரும் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார், கால்களைப் பார்த்துக்கொண்டார். ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று. ஆடிக் காற்று புழுதியை வாரி அவர் முகத்தில் அடித்தது. விரும்பாதவர் தும்மினார்.

“பசிக்குதுங்க” என்றார்.

பஸ் நிலைய மெஸ்ஸில் அவர் பதினோரு இட்லி சாப்பிட்டார். மெஸ்காரர் இலையைப் பார்த்துவிட்டு, இவர் எங்கேயும் போகிற ஆள் இல்லை என்று வெளியே வந்து அறிவித்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. துளசிமணி, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போகப்போனவர், அறைக்குள் எட்டிப்பார்த்து, மைக்கைக் கையில் வாங்கி, தட்டிப் பார்த்தார். அந்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டிய பஸ்ஸை, அது நிற்கிற பன்னிரண்டு ஊர்களின் பெயரோடு, ஒன்றுகூட நசுங்காமல் அறிவித்தார். ஏறவேண்டாதவர்கள் நாலைந்து பேர் அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டதாகச் சொல்வார்கள்.

மயிலானந்தனுக்கு நஷ்டம் இல்லாமல் இல்லை. இரண்டு குடும்பங்கள் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டன. விசிட்டிங் கார்டுகளை அவரே கூரை எரவாணத்தில் செருகிவிட்டார். சென்னியப்பனின் கார் வாசலில் வந்து நின்றபோது, இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தார். சென்னியப்பன் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் கைத்தடியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, முதல் அத்தியாயத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்றார். சின்ன வயசில் செருப்பில்லாமல் ஆறு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனதாகச் சொன்னேன், அது வேண்டாம், எங்கள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார், அவர் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போவேன், அதைப் போடுங்கள் என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அந்த மாதத்துக்குள் முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் அப்படி வந்து போனார்கள்.

துளசிமணியைத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லி சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே போய்க் கேட்டார். குஞ்சுகள் பழகிவிட்டன, விட்டுவிட்டு வர முடியாது, கல்யாண முகூர்த்த நாட்களில் மட்டும் வருகிறேன் என்றார் துளசிமணி. தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார்.

விரும்பாதவருக்குப் பெயர் வைக்க ஊரே போட்டி போட்டது. கோயில் கமிட்டி ஒரு பெயர் சொன்னது, பள்ளிக்கூடம் குலுக்கல் நடத்தி ஒன்று சொன்னது, இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் தலைவர்களின் பெயரைச் சொன்னார்கள். அவர் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஐப்பசியில் ஒரு நாள் நகராட்சிக்குப் போய், தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். குமாஸ்தா பேனாவைத் திறந்துகொண்டு என்ன பெயர் என்று கேட்டார்.

“அதை வெளிய சொல்ல எனக்கு இஷ்டம் இல்லீங்க” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. “இந்தத் தடவை நிசமாலுமே நான்தானுங்க விரும்பலை.”

இப்போது அவர் பொரிப்பகத்தில் வண்டிகளில் பெட்டி ஏற்றுகிறார். கருத்துக் கேட்டால் யோசிக்கிறார். காமாட்சி வீதிக்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டே புகார் கொடுத்து, இரண்டு தெருவிளக்கு வாங்கிவிட்டார்கள். விரும்பாதவரின் வாழ்க்கை வரலாறு தொண்ணூற்றாறு பக்கத்தில் தை மாதம் வந்தது. எந்தத் தாம்பூலப் பையிலும் போகாமல், ஜனங்கள் கடைக்குப் போய் வாங்கினார்கள்.

அதை வாசித்துவிட்டுத் துளசிமணி ஆள் அனுப்பினார். தன்னுடைய வாழ்க்கையையும் எழுதலாம், ஆனால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதக் கூடாது, பொரிப்பகத்துக்கு வந்து, நின்று, பார்த்து எழுத வேண்டும், மத்தியானத் தூக்கம் கிடையாது என்று நிபந்தனை. மயிலானந்தன் அடுத்த நாளே போனார். மருந்துத் தண்ணீரில் பாதத்தை நனைத்தார். குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன; துளசிமணி ஒரு நூறு எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நோட்டைப் பிரித்து, பிறந்த தேதி சொல்லுங்கள் என்று கேட்டார்.

“அது யாருக்குந் தெரியாதுங்க. அன்னைக்கு மழை பேஞ்சுதுன்னு எங்கம்மா சொல்லும். எந்த மழைன்னு கேட்டா அதுக்கே தெரியாது.”

மயிலானந்தனின் பேனா தானாக நகர்ந்தது. அது ஒரு கார்த்திகை மாதத்து அடைமழைக் காலம், வாய்க்கால்கள் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தன என்று எழுதுவதற்கு அதன் முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது. அவர் கையை எடுத்தார். அங்கே ஒரு விரல் அகலத்துக்கு இடத்தை வெறுமனே விட்டார். விட்ட இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார்.